சிவப்பு மை பூசிய தெருக்கள்

அன்புள்ள கயல்விழிக்கு,

உன் மடல் கிடைத்தது. அமெரிக்காவில் வெள்ளையரைவிடக் கறுப்பினத்தவர் ஆஸ்துமாவால் இறப்பது ஏறக்குறைய மூன்று மடங்கு என்று படித்துவிட்டு, “அது அவர்கள் ரத்தத்திலேயே இருக்கிறதோ ஐயா?” என்று கேட்டிருக்கிறாய். நீயாவது கேள்வியாகக் கேட்டாய். இதையே பதிலாகச் சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போகிறவர்கள் உண்டு. அவர்கள்மேல் இருக்கும் எரிச்சல் இந்தக் கடிதத்தில் கொஞ்சம் சிந்தினால் பொறுத்துக்கொள்.

மூச்சுக்குழல் எப்படிச் சுருங்குகிறது என்பது உனக்குத் தெரியும். அதை விடு. கலிபோர்னியாவிலுள்ள ஓக்லண்ட் நகரத்தின் வரைபடத்தை எடுத்து வைத்துக்கொள்.

அங்கே இரண்டு நெடுஞ்சாலைகள் பெரும்பாலும் இணையாக ஓடுகின்றன. குன்றுப் பக்கமாக 580, விரிகுடாவை ஒட்டிய தாழ்நிலத்தில் 880. முதலாவதில் 4.5 டன்னுக்கு மேற்பட்ட லாரி போகக்கூடாது. 1960களில் தொடங்கிய தடை அது, இன்றும் அமலில் இருக்கிறது. ஆகவே துறைமுகத்துக் கண்டெய்னர் லாரிகளெல்லாம் 880க்குத்தான் வர வேண்டும். குன்றுகளில் வசதியுள்ளவர்கள், அவர்களில் வெள்ளையரே அதிகம். கீழே கறுப்பினத்தவரும் லத்தீன் அமெரிக்கரும். டீசல் புகையை இப்படிப் பங்குபோட்டுக் கொடுத்தது எந்த மரபணு?

வசதி இல்லாதவன் மலிவான இடத்தைத் தேடிப் போனான், அவ்வளவுதானே என்பாய். இல்லையம்மா. 1930களில் வீட்டுக் கடனுக்கான அரசு நிறுவனமொன்று அமெரிக்க நகரங்களுக்குத் தரவரிசை வரைபடம் போட்டது. கறுப்பினத்தவர் வாழ்ந்த தெருக்கள் அநேகமாக எல்லாமே கடைசித் தரம், சிவப்பு மை. மேற்கு ஓக்லண்டும் அப்படித்தான். 1957இல் அந்தப் பகுதியின் நடுவே ஈரடுக்கு நெடுஞ்சாலையைக் கட்டினார்கள். 1989 நிலநடுக்கத்தில் அது இடிந்து விழுந்தது. அதே இடத்தில் திரும்பக் கட்டக்கூடாது என்று மக்கள் போராடி, பாதையைத் துறைமுகப் பக்கமாகத் தள்ள வைத்தார்கள். இந்த ஊரைப் பற்றிக் கையில் கிடைத்ததையெல்லாம் படிப்பவன் நான்; நிறுத்தாவிட்டால் பக்கம் போதாது. ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். கலிபோர்னியாவின் எட்டு நகரங்களை ஆராய்ந்து 2020இல் ஒரு கட்டுரை வந்தது. ஆஸ்துமாவுக்காக அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஓடுபவர்களின் விகிதம், முதல் தரம் பெற்ற பகுதிகளைவிடச் சிவப்புப் பகுதிகளில் 2.4 மடங்கு. மை காய்ந்து எண்பது ஆண்டுகளுக்குப் பிறகு!

வீட்டுக்குள்ளும் இதே கதைதான். பழுது பார்க்காத வாடகை வீட்டில் கரப்பானும் பூஞ்சையும் குடியிருக்கும். நகர்ப்புற ஏழைக் குழந்தைகளைப் பற்றிய 1997ஆம் ஆண்டு ஆய்வில், கரப்பான் ஒவ்வாமை இருந்து, படுக்கையறையிலும் அதன் கழிவு மிகுந்திருந்த குழந்தைகள் மற்றவர்களைவிட 3.4 மடங்கு அதிகமாக மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள்.

இனி மன அழுத்தம். “மனசைத் தைரியமாக வைத்துக்கொள்” என்று சொல்லி இன்ஹேலரை எழுதிக் கொடுத்து அனுப்பும் மருத்துவராக மட்டும் நீ ஆகிவிடாதே. கிரகரி மில்லரும் ஈடித் சென்னும் 2006இல் எழுதிய கட்டுரையை முழுதாகப் படி. நாள்பட்ட நெருக்கடியில் வாழும் ஆஸ்துமாக் குழந்தைக்கு, அதன்மேல் திடீரென இன்னோர் அடியும் விழுந்தால், ஸ்டீராய்டு ஏற்பிக்கான மரபணுவும் பீட்டா-2 ஏற்பிக்கான மரபணுவும் வெகுவாக அடங்கிப்போகின்றன. மருந்து போய் உட்கார வேண்டிய இருக்கைகளே குறைகின்றன, புரிகிறதா? வாடகை பாக்கி, தெருவில் துப்பாக்கிச் சத்தம், போலீஸ் பயம் எல்லாம் கடைசியில் போய்ச் சேருமிடம் அந்த இருக்கைகள்தான். பாஸ்டனில் ஜேன் கிளாஹர்ட்டியின் குழு 2007இல் கண்டது இன்னும் கூர்மையானது: வாகனப் புகைக்கும் ஆஸ்துமாவுக்கும் உள்ள தொடர்பு, வன்முறையை அதிகம் எதிர்கொண்ட குழந்தைகளிடம் மட்டுமே தெரிந்தது. புகையையும் பயத்தையும் தனித்தனி அத்தியாயமாகப் பிரித்துப் போடும் பாடநூல்களை என்னவென்று சொல்ல?

மரபணுவுக்குப் பங்கே இல்லை என்று நான் வாதாடவில்லை. ஆஸ்துமா குடும்பத்தில் வரும். உன் பாட்டிக்கு இருந்ததும் எனக்குத் தெரியும். குடும்பம் வேறு, இனம் வேறு. கறுப்பினத்தவரின் நுரையீரலே சிறியது என்று மூச்சை அளக்கும் ஸ்பைரோமீட்டரை வைத்துச் சாதித்த சாமுவேல் கார்ட்ரைட், அடிமை முறையை ஆதரித்த மருத்துவர், காலம் 1851. அந்த எண்ணத்தின் மிச்சம் ‘இனத் திருத்தம்’ என்ற பெயரில் கருவிக்குள்ளேயே தங்கிவிட்டது. குறைந்த மூச்சளவையும் அது ‘இவர்களுக்கு இது இயல்புதான்’ என்று காட்டும். அமெரிக்க மார்பியல் சங்கம் (American Thoracic Society) அதைக் கைவிடச் சொன்னது 2023இல்தான். உங்கள் கல்லூரி ஆய்வகக் கருவியில் நோயாளியின் இனத்தைக் கேட்கும் கட்டம் இருக்கிறதா, இருந்தால் எந்தச் சமன்பாட்டை வைத்துக் கணக்குப் போடுகிறது என்று பார்த்து எனக்கு எழுது.

அன்புடன்,
உன் ஆசிரியர்