காருக்கும் வீட்டுக்கும் காப்பீடு: எதைப் பார்த்துப் பணம் கட்டுவது?

கேள்வி: என் காருக்கு ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு பிரீமியம் சொல்கிறது. வீட்டுக்கும் காப்பீடு எடுக்க நினைக்கிறேன். எதை நம்புவது?
– ஒரு வாசகர், நாகமலை புதுக்கோட்டை

பதில்: மூன்றாம் நபர் காப்பீட்டுக் கட்டணத்தை மத்திய அரசே நிர்ணயிக்கிறது, எந்தக் கம்பெனியிலும் ஒரே தொகைதான். உங்கள் வண்டியின் சேதத்துக்கான பகுதியில்தான் விலை மாறும். அங்கே ‘ஐடிவி’, அதாவது பாலிசியில் காருக்குக் குறிக்கப்படும் மதிப்பு, எவ்வளவு என்று பாருங்கள். அதைக் குறைத்தால் பிரீமியம் குறையும். ஆனால் கார் திருடுபோனால் இழப்பீடும் குறையும். இழப்பீடு கோராத ஆண்டுகளுக்கு 20 முதல் 50 சதவீதம் வரை போனஸ் தள்ளுபடி உண்டு. கம்பெனி மாறினாலும் அது உங்களுடையதே, கேட்டு வாங்குங்கள்.

வீட்டுக்கு, 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள ‘பாரத் கிருக ரக்ஷா’ பாலிசியைக் கேளுங்கள். தீ, புயல், வெள்ளம் எல்லாம் அதில் அடங்கும். அடிப்படை விதிகள் எல்லாக் கம்பெனியிலும் ஒன்றே என்பதால் விலையை எளிதாக ஒப்பிடலாம். மனையின் விலையைச் சேர்க்காதீர்கள். மீண்டும் கட்ட ஆகும் செலவை மட்டும் சொல்லுங்கள்.

இழப்பீட்டில் தகராறு வந்தால் முதலில் கம்பெனிக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் தீராவிட்டால் சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் செல்லலாம், கட்டணம் கிடையாது. கையெழுத்துக்கு முன் பாலிசியைப் படிப்பது உங்கள் உரிமை. அதை விட்டுக்கொடுக்காதீர்கள்.