சாவியைக் கொடுக்கும் முன்

மதுரை

அன்புள்ள கயல்,

நேற்று போனில் நீ பேசிய வேகத்தில் நான் சொல்ல நினைத்த எதையும் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

கூட ஓட்ட ஒருவரும், வேலையில் சேர ஒரு வாரமும் இருந்தால் குருகிராமுக்குக் காரை நீயே ஓட்டிப் போ என்றுதான் சொல்லியிருப்பேன். கிருஷ்ணகிரி, ஹைதராபாத், நாக்பூர், ஜான்சி, ஆக்ரா என்று 44-ஆம் எண் நெடுஞ்சாலையே கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். ஆனால் 2,500 கிலோமீட்டரை நாலே நாளில் தனியாக ஓட்டிவிட்டு மறுநாள் காலை அலுவலகத்தில் போய் நிற்பது வேண்டாம். கார் ஏற்றிப் போகும் கேரியர் லாரியில் ஏற்றுவதே சரி. யாரிடம் ஏற்றுகிறாய் என்பதில்தான் என் கவலை. மற்றவர்கள் கேட்ட வாடகையில் பாதிக்கு ஒருவர் ஒப்புக்கொண்டார் என்று சந்தோஷமாகச் சொன்னாயே, எனக்கு அங்கேதான் பயம் வந்தது.

2009-இல் எனக்கு நாக்பூருக்கு மாற்றல் வந்தபோது நானும் குறைந்த வாடகை கேட்டவரிடம்தான் காரைக் கொடுத்தேன். பன்னிரண்டாம் நாள் கழுவித் துடைத்துக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். “நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்” என்ற தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். மறுநாள் ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் ஒரு சுங்கச்சாவடி ரசீது கிடந்தது. காருக்குப் போட்ட ரசீது. லாரியில் ஏறவே இல்லை, வழி முழுக்க யாரோ ஓட்டியே வந்திருக்கிறார்கள். கிளம்பும்போது மீட்டரில் எவ்வளவு இருந்தது என்று நான் குறித்து வைக்கவில்லை. கையெழுத்தும் அவர்கள் கையில். யாரிடம் போய் என்ன கேட்பது?

பத்துப் பன்னிரண்டு நாள் உன் வண்டி உன் கண்ணில் படாது. அந்த நாட்களுக்கு உனக்கு இருக்கிற ஒரே சாட்சி, ஏற்றும் அன்று காலையில் நீ எடுத்து வைக்கிற படங்களும் வாங்கி வைக்கிற காகிதமும்தான். முதல் நாளே வண்டியைக் கழுவிவிடு. தூசிக்கு அடியில் கீறல் தெரியாது. நாலு பக்கமும், கூரை, சக்கரம், கண்ணாடி, உள்ளே இருக்கைகள், மீட்டர் ரீடிங் எல்லாவற்றையும் பகல் வெளிச்சத்தில் படம் எடு. ஏற்கெனவே இருக்கிற கீறல்களை அவர்கள் தாளிலும் எழுதச் சொல். பெரிய டிரெய்லர் தெருவுக்குள் வராது; வீட்டிலிருந்து லாரி நிற்கும் யார்டு வரை ஒரு டிரைவர் ஓட்டிப் போவார், அங்கேயும் அப்படித்தான். அந்த இரண்டு தூரத்தையும் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள். மீட்டரில் அதற்கு மேல் ஏறியிருந்தால் பதில் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள். டேங்கில் கால் பங்குக்கு மேல் பெட்ரோல் வேண்டாம். ஓட்டிச் சுற்ற நினைப்பவனுக்கு நாமே ஏன் வசதி செய்து கொடுக்க வேண்டும்?

லாரி ரசீது, அதுதான் எல்.ஆர்., கையில் வராமல் சாவியைக் கொடுக்காதே. அதில் வண்டி எண்ணும் மதிப்பும் இருக்க வேண்டும். 2007-ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குச் சட்டப்படி பதிவு செய்த நிறுவனம்தானா என்று பதிவெண்ணைக் கேள். சேதம் ஏற்பட்டால் வழக்குக்குப் போகும் முன் எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுத்தாக வேண்டும். அதற்கு 180 நாள் கெடு. அந்தக் கணக்கு, புக் செய்த தேதியிலிருந்து ஓடுகிறது, வண்டி வந்து சேர்ந்த நாளிலிருந்து இல்லை. பலர் கோட்டை விடுவது இதில்தான்.

“இன்சூரன்ஸ் சேர்த்துத்தான் சார்” என்று வாய்வார்த்தையாகச் சொல்வார்கள். காப்பீட்டு நிறுவனம் கொடுத்த சான்றிதழில் உன் வண்டி எண் இருந்தால்தான் அது இன்சூரன்ஸ். வாடகை பில்லில் அதற்கென்று ஒரு வரி போட்டுப் பணம் வாங்குவது இன்சூரன்ஸ் ஆகாது. உன்னுடைய முழுக் காப்பீட்டுப் பாலிசியே வண்டியைச் சாலை வழியாக ஏற்றிப் போகும்போது நேரும் சேதத்தை ஏற்கும். ஆனால் அதில் கிளெய்ம் செய்தால் கிளெய்ம் செய்யாததற்காக நீ சேர்த்து வைத்திருக்கும் போனஸ் போய்விடும். எனவே இந்தப் பயணத்துக்கென்று தனியாக ஒரு பாலிசி எடுப்பது நல்லது.

டிக்கியில் மிக்சியையும் புத்தக மூட்டையையும் வைக்கலாம் என்று அம்மா யோசனை சொல்வாள். கேட்காதே. உள்ளே இருக்கும் சாமானுக்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். திறந்த டிரெய்லர் என்றால் ஃபாஸ்டாகை அலுமினியத் தாளால் மூடிவிடு. இல்லாவிட்டால் வண்டி லாரி மேலே இருக்கும்போதே உன் கணக்கில் சுங்கம் பிடித்துவிடும். அசல் ஆர்.சி. உன் பையில் இருக்கட்டும், அவர்களுக்கு நகல் போதும்.

வண்டியை வெளிமாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும். அதற்கு இங்குள்ள ஆர்.டி.ஓ.விடம் தடையில்லாச் சான்று வேண்டும். கடன் இன்னும் முடியாததால் வங்கியின் சம்மதமும் வேண்டும். வங்கி வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அங்கே இறக்கும்போது இருட்டிவிட்டால் மறுநாள் காலையில் வரச் சொல். டிரைவர் அவசரப்படுத்துவார்; பாவம், அவருக்கு அடுத்த ஊர் இருக்கும். ஒரு டீ வாங்கிக் கொடுத்து உட்கார வை. படங்களோடு ஒப்பிட்டுப் பார். ஏதாவது இருந்தால் அதே தாளில் எழுதிவிட்டு, பிறகு கையெழுத்துப் போடு.

முதல் சம்பளத்தில் முன்பணம் கட்டி நீ வாங்கிய வண்டி அது. ஏற்றும் நாள் முடிவானதும் சொல். யார்டு வரை நானும் கூடவே போய், சக்கரங்களுக்குப் பட்டை கட்டுவதைப் பார்த்துவிட்டுத்தான் வீடு திரும்புவேன்.

அன்புடன்,
மாமா