பால் பணம், பூப் பணம், பிள்ளைப் பணம்
உழவர் குடும்பத்துக்கு ஏற்ற சேமிப்புக் கணக்குகள்

திண்டுக்கல் என்றதும் பலருக்கும் பூட்டுத்தான் நினைவுக்கு வரும். இவ்வூர்ப் பூட்டுக்கு 2019-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் கிடைத்தது. இரும்புப் பெட்டிக்கும் இந்நகரம் பெயர் பெற்றது. நல்ல பெட்டி, நல்ல பூட்டு, வீட்டில் காவல் எல்லாம் இருந்தால் திருடன் வர மாட்டான். ஆனால் விலைவாசி உயர்வு எந்தப் பூட்டுக்கும் கட்டுப்படாது. ஆண்டுக்கு 5 சதவிகிதம் விலை ஏறுவதாக வைத்துக் கொள்வோம். பெட்டியில் பூட்டி வைத்த 10,000 ரூபாய் பத்தாண்டு கழித்தும் 10,000 ரூபாயாகவே இருக்கும். ஆனால் அன்றைக்கு அது இன்றைய 6,100 ரூபாய்ச் சரக்கைத்தான் வாங்கும். விதைநெல்லை அந்துப்பூச்சி அரிப்பதைப் போல, பெட்டிப் பணத்தை விலைவாசி அரிக்கிறது.

எனவே பணம் பத்திரமாகவும் இருக்க வேண்டும். வட்டியும் ஈட்ட வேண்டும். மண்ணுக்கும் பட்டத்துக்கும் ஏற்றபடி பயிரைத் தேர்கிறோம். அதுபோல வருமானம் வரும் விதத்துக்கும் பணம் தேவைப்படும் காலத்துக்கும் ஏற்றபடி கணக்கைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதற்கான வழிகளை இக்கட்டுரையில் காண்போம்.

முதலில் கடனைப் பாருங்கள்

நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய் வட்டி என்றால் ஆண்டுக்கு 36 சதவிகிதம் ஆகிறது. எந்தச் சேமிப்புக் கணக்கும் இதில் நான்கில் ஒரு பங்கு வட்டி கூடத் தராது. இத்தகைய கைமாற்றுக் கடன் உள்ளவர்கள் முதலில் அதை அடைப்பதே சிறந்த சேமிப்பு. கூட்டுறவுப் பயிர்க்கடன் வாங்கியவர்கள் அதைத் தவணை தவறாமல் கட்ட வேண்டும். குறித்த காலத்தில் திருப்பிச் செலுத்துவோருக்குத் தமிழ்நாட்டில் அக்கடனுக்கு வட்டி இல்லை. அந்தச் சலுகையை இழப்பது கையில் உள்ள வட்டியை இழப்பதற்குச் சமம்.

காப்பு யார் என்று கேளுங்கள்

பணத்தைப் போடுமுன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, “எவ்வளவு வட்டி?” என்பதன்று. “இப்பணத்துக்கு யார் பொறுப்பு?” என்பதே முதல் கேள்வி.

அஞ்சலகச் சேமிப்புக்கு மத்திய அரசே பொறுப்பு. 1882-ஆம் ஆண்டு முதல் நம் நாட்டில் அஞ்சலகச் சேமிப்பு வங்கி இயங்கி வருகிறது. இதில் போட்ட தொகை முழுவதற்கும் அரசின் உறுதி உண்டு.

வங்கி வைப்புகளுக்கு வைப்புக் காப்புறுதிக் கழகம் பொறுப்பு ஏற்கிறது. ஒருவருக்கு ஒரு வங்கியில், எல்லாக் கிளைகளிலும் சேர்த்து, அசலும் வட்டியுமாக 5 இலட்சம் ரூபாய் வரை காப்பு உண்டு. 2020 பிப்ரவரி 4-க்கு முன் இவ்வரம்பு 1 இலட்சமாக இருந்தது. மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கி போன்ற கூட்டுறவு வங்கிகளும் இக்காப்புறுதியில் அடங்கும். ஆனால் ஊரிலுள்ள தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம் இதில் அடங்காது. பயிர்க்கடனுக்கும் உரத்துக்கும் நம் சங்கமே நமக்குத் துணை, அதில் ஐயமில்லை. எனினும் பிள்ளையின் படிப்புக்கும் முதுமைக்கும் சேர்க்கும் பெருந்தொகையைக் காப்புறுதி உள்ள இடத்தில் வைப்பதே நல்லது.

ஏலச்சீட்டு, தீபாவளிச் சீட்டு, நகைக்கடைச் சீட்டு ஆகிய எதற்கும் இக்காப்புறுதி கிடையாது. பதிவு பெற்ற சீட்டு நிறுவனங்கள் 1982-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பதிவாளரின் மேற்பார்வையில் நடப்பவை. பதிவு இல்லாமல் நடத்தும் சீட்டில் போட்ட பணத்துக்கு, நடத்துபவரின் நாணயம் ஒன்றே ஈடு.

பட்டு அறிந்த பாடம்

1990-களில் கூடுதல் வட்டி தருவதாகச் சொன்ன நிதி நிறுவனங்கள் தமிழ்நாட்டில் அடுத்தடுத்துக் கதவடைத்தன. ஓய்வூதியர்களும் விவசாயிகளும் வாழ்நாள் சேமிப்பை இழந்தனர். அதன் விளைவாக 1997-இல் முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. இச்சட்டத்தின் கீழ் மதுரையிலும் தனி நீதிமன்றம் இயங்குகிறது.

சட்டம் வந்த பின்னும் ஆசை அடங்கவில்லை. பெருந்துறைப் பகுதியில் ஈமு கோழி வளர்ப்பு நிறுவனங்கள் தோன்றின. குஞ்சுக்கு முன்பணம் கட்டினால் மாதந்தோறும் பராமரிப்புத் தொகை தருவோம், வளர்ந்த பறவையை நாங்களே திரும்ப எடுத்துக்கொள்வோம் என்றன. 2012-இல் அவை கைவிரித்தன. பணம் போட்டவர்கள் பலர் சிறு விவசாயிகள். அசலும் போய், கொட்டகையில் நின்ற பறவைக்குத் தீனி போடவும் வழியின்றித் தவித்தார்கள்.

பெயரும் பொருளும் மாறினாலும் அடையாளம் ஒன்றே. அரசும் வங்கியும் தரும் வட்டியைப் போல இரண்டு மூன்று பங்கு தருவதாக ஒருவர் சொன்னால், “இவருக்கு அப்படி என்ன இலாபம் கிடைக்கிறது?” என்று கேளுங்கள். புதிதாகச் சேர்பவர் பணத்தை எடுத்துப் பழையவருக்கு வட்டியாகக் கொடுப்பது ஒரு நாள் நின்றே தீரும். முதல் ஆறு மாதம் ஒழுங்காக வட்டி வந்தது என்பது நம்பகத்துக்குச் சான்று ஆகாது. ஏமாந்தவர்கள் பலருக்கும் முதல் ஆறு மாதம் ஒழுங்காகவே வந்தது.

கணக்குகளும் வட்டியும்

2025 அக்டோபர்-டிசம்பர் காலாண்டில் அஞ்சலகத் திட்டங்களுக்கு இருந்த ஆண்டு வட்டி பின்வருமாறு:

சேமிப்புக் கணக்கு - 4 சதவிகிதம்
ஓராண்டு வைப்பு - 6.9 சதவிகிதம்
ஐந்தாண்டுத் தொடர் வைப்பு (ஆர்.டி.) - 6.7 சதவிகிதம்
ஐந்தாண்டு வைப்பு - 7.5 சதவிகிதம்
தேசிய சேமிப்புப் பத்திரம் (5 ஆண்டு) - 7.7 சதவிகிதம்
பொது வருங்கால வைப்பு நிதி (15 ஆண்டு) - 7.1 சதவிகிதம்
செல்வமகள் சேமிப்புத் திட்டம் - 8.2 சதவிகிதம்
மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் (60 வயதுக்கு மேல்) - 8.2 சதவிகிதம்

மூன்று மாதத்துக்கு ஒரு முறை அரசு இவ்விகிதங்களை அறிவிக்கும். ஆகவே கணக்குத் தொடங்கும் நாளில் அஞ்சலகத்தில் கேட்டறிய வேண்டும். பெண்களுக்கான ‘மகிளா சம்மான்’ பத்திரம் 2025 மார்ச் 31-உடன் முடிந்துவிட்டது. அதில் சேர்த்துவிடுகிறேன் என்று எவரேனும் பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம்.

பால் பணத்துக்குத் தொடர் வைப்பு

கறவை மாடு வைத்திருப்போருக்குச் சங்கத்திலிருந்து பால் பணம் தவறாமல் பட்டுவாடா ஆகிறது. மாதந்தோறும் சீராக வரும் இத்தகைய வருமானத்துக்குத் தொடர் வைப்பே பொருத்தம். மாதம் 100 ரூபாய் முதல் கட்டலாம். மாதம் 1,000 ரூபாய் வீதம் ஐந்தாண்டு கட்டினால் போடும் பணம் 60,000 ரூபாய். 6.7 சதவிகித வட்டியில் முதிர்வின்போது ஏறத்தாழ 71,360 ரூபாய் கிடைக்கும். ஓராண்டு தவறாமல் கட்டியபின், கட்டிய தொகையில் பாதி வரை கடன் பெறலாம். மாடு நோயுற்றாலோ, மோட்டார் பழுதானாலோ வெளிக்கடனுக்கு அலையாமல் இது கைகொடுக்கும்.

தவணை தவறினால் நூறு ரூபாய்க்கு ஒரு ரூபாய் தண்டம் உண்டு. தொடர்ந்து நான்கு மாதத்துக்கு மேல் தவறினால் கணக்கு நின்றுவிடும். ஆகவே நல்ல மாதத்து வரவைப் பார்த்துத் தொகையை நிர்ணயிக்காதீர்கள். மாடு வற்றிய மாதத்திலும் எவ்வளவு கட்ட முடியுமோ அதையே எழுதுங்கள்.

பூப் பணத்துக்கு வேறு வழி

நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகை பயிரிடுவோர் கதை வேறு. மார்கழி, தை மாதங்களில் வரத்துக் குறைந்து விலை ஏறும். முகூர்த்த நாளில் கிடைக்கும் விலை மறுநாளே இறங்கிவிடும். கோடையில் பூ குவிந்து, பறிகூலிக்கும் கட்டாத நாளும் உண்டு. ஒட்டன்சத்திரம் சந்தைக்குத் தக்காளியும் முருங்கையும் அனுப்புவோர் நிலையும் இதுவே. இவர்கள் மாதத்தவணையில் மாட்டிக்கொள்வது சிரமம்.

வரும்போது மொத்தமாகவும், வராதபோது ஒன்றும் கட்டாமலும் இருக்க இடம் தரும் கணக்குகளே இவர்களுக்கு ஏற்றவை. பொது வருங்கால வைப்பு நிதியில் ஒரு நிதியாண்டில் குறைந்தது 500 ரூபாய், செல்வமகள் திட்டத்தில் குறைந்தது 250 ரூபாய் கட்டினால் போதும். இரண்டிலும் உச்சவரம்பு ஆண்டுக்கு ஒன்றரை இலட்சம். தையில் பூ விற்ற பணத்தில் ஒரு பகுதியைப் போட்டுவிட்டால் மார்ச் 31-க்குள் அவ்வாண்டுக் கடமை தீர்ந்தது. மாதத்தின் 5-ஆம் தேதிக்குள் கட்டினால் அம்மாதத்துக்கும் வட்டி சேரும்.

அடுத்த பட்டத்துக்கு விதை, உரம் வாங்கத் தேவைப்படும் தொகையை இவற்றில் போடக்கூடாது. அதைச் சேமிப்புக் கணக்கிலோ, ஓராண்டு வைப்பிலோ வைத்திருங்கள்.

பிள்ளையின் வயதைப் பாருங்கள்

பத்து வயது நிரம்பாத பெண் குழந்தைக்குச் செல்வமகள் கணக்கே முதன்மையானது. 2015 ஜனவரியில் தொடங்கிய இத்திட்டத்தில் பெற்றோரோ, சட்டப்படியான காப்பாளரோ கணக்குத் தொடங்கலாம். ஒரு குடும்பத்தில் பொதுவாக இரண்டு பெண் குழந்தைகளுக்கு வசதி உண்டு. 15 ஆண்டு கட்ட வேண்டும். 21 ஆண்டில் முதிரும். பெண்ணுக்கு 18 வயதானாலோ, பத்தாம் வகுப்புத் தேறினாலோ, மேற்படிப்புக்காக இருப்பில் பாதி வரை எடுக்கலாம்.

மாதம் 1,000 ரூபாய் வீதம் 15 ஆண்டு கட்டினால் நாம் போடுவது 1,80,000 ரூபாய். 8.2 சதவிகித வட்டி மாறாமல் நீடித்தால் 21-ஆம் ஆண்டில் ஏறத்தாழ ஐந்தரை இலட்சம் ஆகும். குழந்தைக்கு ஒன்பது வயதாகும்வரை தள்ளிப் போடுவோர் நல்ல வட்டிக் காலத்தை வீணாக்குகிறார்கள்.

ஆண் குழந்தைகளுக்காகத் தமிழ்நாடு அஞ்சல் வட்டம் 2015-இல் ‘பொன்மகன் பொது வைப்பு நிதி’யை அறிமுகப்படுத்தியது. பொது வருங்கால வைப்பு நிதியின் விதிகளின்படி நடப்பது இது. 15 ஆண்டுத் திட்டமாதலால் கைக்குழந்தைக்கு மிகப் பொருத்தம். ஒன்பது வயதுப் பையனுக்கு இன்று தொடங்கினால் முதிரும்போது அவனுக்கு வயது 24. கல்லூரிக் காலம் கடந்திருக்கும். இடையில் ஒரு பகுதியை எடுக்க வழி உண்டெனினும், இத்தகைய பையனுக்கு ஐந்தாண்டுத் தொடர் வைப்பும், அது முதிர்ந்தபின் மூன்றாண்டு வைப்பும் கல்லூரி வாசலில் நிற்கும்போது பணத்தைக் கையில் சேர்க்கும்.

பத்து வயது நிரம்பிய பிள்ளை தன் பெயரிலேயே அஞ்சலகச் சேமிப்புக் கணக்கை நடத்தலாம். வங்கிகளிலும் பத்து வயது முதல் தாமே கணக்கு வைக்க ரிசர்வ் வங்கி 2025 ஏப்ரலில் வழிவகுத்தது. முன்பு பள்ளிகளில் சஞ்சாயிகா கணக்கில் சில்லறை சேர்த்த பழக்கம் பலருக்கு நினைவிருக்கும். திருவிழாவில் மாமன் கொடுத்த காசைப் பிள்ளை தானே கொண்டுபோய்க் கட்டி, புத்தகத்தில் பதிவு பார்க்கட்டும். அந்தப் பழக்கம் வட்டியை விடப் பெரிது.

கவனத்தில் கொள்ள வேண்டியவை

1. கணக்குத் தொடங்க ஆதார், பான் அட்டை, புகைப்படம், குழந்தைக்குப் பிறப்புச் சான்றிதழ் ஆகியவற்றை எடுத்துச் செல்லவும். கிராமக் கிளை அஞ்சலகத்திலேயே பல கணக்குகளைத் தொடங்கலாம்.

2. முகவர் மூலம் கட்டினால் ஒவ்வொரு முறையும் அட்டையில் கையொப்பம் பெறவும். பாஸ் புத்தகத்தில் பதிவானதை அவ்வப்போது நேரில் சரிபார்க்கவும். முகவருக்கு அரசே தரகு தருகிறது. நாம் தனியே எதுவும் தர வேண்டியதில்லை.

3. எல்லாக் கணக்குக்கும் வாரிசு நியமனம் (நாமினி) செய்யவும். குடும்பத் தலைவர் மறைந்தபின் புத்தகம் எங்கே என்று தெரியாமல் தவிக்கும் வீடுகள் உண்டு. கணக்கு விவரம் மனைவிக்கும் மூத்த பிள்ளைக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

4. முதிர்வுத் தேதியைச் சுவர் நாட்காட்டியில் குறித்து வைக்கவும். முதிர்ந்த பணத்தை எடுக்காமல் விட்டால் வட்டி குறையும்.

5. ஓ.டி.பி. எண், ஏ.டி.எம். இரகசிய எண் இரண்டையும் எவர் கேட்டாலும் சொல்ல வேண்டாம்.

6. மோசடி எனத் தெரிந்தால் வெட்கப்பட்டு மறைக்காமல் காவல்துறையின் பொருளாதாரக் குற்றப்பிரிவில் உடனே புகார் செய்யவும். கட்டிய ரசீதுகளைப் பத்திரமாக வைத்திருக்கவும்.

தமிழ்நாட்டில் ஆண்டுதோறும் அக்டோபர் 30 உலகச் சிக்கன நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. அந்நாள் வரை காத்திருக்க வேண்டியதில்லை. இந்த மாதப் பால் பணம் வந்ததும், அல்லது அடுத்த முகூர்த்தத்துப் பூ விற்றதும், அதில் ஒரு பங்கை எடுத்துவைத்து, மகன் அல்லது மகளை அழைத்துக்கொண்டு அருகிலுள்ள அஞ்சலகத்துக்குச் செல்லுங்கள். செலவு போக மிஞ்சியதைச் சேமிப்போம் என்றால் மிஞ்சுவது அரிது. விதைக்கு எடுத்து வைத்த பின்னரே உணவுக்கு அளப்பது உழவர் வழக்கம். அதே வழக்கத்தைப் பணத்திலும் கைக்கொண்டால் குடும்பம் தழைக்கும்.