உபுண்டுவில் வெப் கமரா

பழைய கணினியில் மருமகன் உபுண்டு போட்டுத் தந்தார். ஸ்காபரோவில் இருக்கும் பேரனோடு முகம் பார்த்துக் கதைக்க யூஎஸ்பி வெப் கமரா வாங்கிச் செருகினேன். கறுப்புத் திரைதான் வருகிறது. பெட்டியில் விண்டோஸ் என்றுதான் போட்டிருக்கிறது. கமராவை மாற்ற வேண்டுமா?
— வாசகர், கொக்குவில்

மாற்ற வேண்டாம் ஐயா. பெட்டியில் என்ன போட்டிருந்தாலும், இப்போது விற்கும் யூஎஸ்பி கமராக்கள் அநேகமாக எல்லாமே யூவிசி என்ற பொது முறைப்படிதான் வேலை செய்கின்றன. அதற்கான டிரைவர் 2008இல் வந்த 2.6.26 பதிப்பிலிருந்தே, உபுண்டுவுக்கு அடிப்படையான லினக்ஸ் கேர்னலுக்குள் இருக்கிறது. புதிதாக டிரைவர் எதையும் நிறுவத் தேவையில்லை.

டெர்மினலைத் திறந்து எல், எஸ், யூ, எஸ், பி என்ற ஐந்து ஆங்கிலச் சிற்றெழுத்துகளை இடைவெளி விடாமல் தட்டி என்டரை அழுத்துங்கள். வரும் பட்டியலில் கமரா இல்லையென்றால், யூஎஸ்பி ஹப்பை விட்டுவிட்டுக் கணினியின் பின்பக்கத் துளையில் நேரே செருகுங்கள். ஹப்பில் மின்சாரம் போதாமல் போவதுண்டு.

பட்டியலில் இருந்தால் ‘சீஸ்’ என்ற செயலியை நிறுவித் திறந்து பாருங்கள். அதில் உங்கள் முகம் தெரிந்தால் கமராவில் குறையில்லை, பிரவுசர்தான் தடுக்கிறது. அழைப்புப் பக்கத்தின் முகவரிப் பட்டையில், இடப்பக்கம் உள்ள சிறு படத்தை அழுத்திக் கமராவுக்கு அனுமதி கொடுங்கள்.

முக்கியமான ஒன்று: அழைப்பு எடுக்கமுன் சீஸை மூடிவிடுங்கள். ஒரு செயலி கமராவைப் பிடித்திருந்தால் மற்றதற்குப் பெரும்பாலும் கறுப்புத் திரைதான். உங்களுக்கும் இதுவே காரணமாக இருக்கலாம். திறந்திருக்கும் எல்லாவற்றையும் மூடிவிட்டுப் பேரனைக் கூப்பிடுங்கள்.