ஆண்டவரின் முகத்தைத் தேடும் பாடல்கள்

மாலையில் செபமாலை சொல்லும் நம் குடும்பங்களில், அதிலே 150 'அருள் நிறைந்த மரியே' ஏன் என்று கேட்டால் பலர் விழிப்பர். சங்கீதங்கள் 150. வாரம் ஒன்றுக்குள் அவை முழுவதும் ஓதப்பட வேண்டுமென்று புனித ஆசீர்வாதப்பர் தம் துறவிகளுக்கு ஒழுங்கு வகுத்தார். அச்சபையினர் இன்று நம் அம்பிட்டியவிலும் உள்ளனர். எழுத்தறியாப் பாமர மக்களோ சங்கீதங்களுக்கு ஈடாக 150 செபங்களைச் சொல்லி வந்தனர். செபமாலைக்குத் தேவதாயின் சங்கீதமாலை என்றே ஒரு பெயர் உண்டு. 2002இல் திருத்தந்தை இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் ஒளியின் மறைபொருள்களைச் சேர்த்ததால் கணக்கு மாறியதே தவிர, உறவு மாறவில்லை.

அப்படியிருக்க, மூலப் பாடல்களை நாம் எடுத்து வாசிப்பதுண்டா? 42ஆம் சங்கீதத்தை எடுத்துக்கொள்வோம். (பாட்டனார் காலத்துப் பழைய வேதாகமத்தில் இது 41 ஆக இருக்கும். இலத்தீன் வழக்கில் 9ஆம் 10ஆம் சங்கீதங்கள் ஒன்றாகச் சேர்ந்திருப்பதால் வந்த வேறுபாடு இது. குழம்ப வேண்டாம்.) இதைப் பாடியவன் எருசலேம் ஆலயத்திலிருந்து வெகு தொலைவில், யோர்தான் ஊற்றெடுக்கும் வடநாட்டில், எர்மோன் மலையருகே இருக்கிறான். முன்பு திருவிழாக் கூட்டத்தோடு ஆலயத்துக்கு நடந்தவன் இப்போது போக வழியின்றித் தவிக்கிறான். உன் கடவுள் எங்கே என்று அயலார் கேலி பேசுகின்றனர். தண்ணீர் தேடும் மானைப் போல ஏங்கி, கண்ணீரையே உணவாக உண்கிறான். பிறகு தன் ஆன்மாவிடமே பேசி அதைத் தேற்றுகிறான். அந்தத் தேற்றுரை 43ஆம் சங்கீதத்தின் முடிவிலும் வருவதால், இரண்டும் ஆதியில் ஒரே பாடலாயிருந்தன என்பது அறிஞர் கருத்து.

ஆலயம் எட்டவில்லை; ஆகவே ஆண்டவரும் இல்லை என்று அவன் முடிவு கட்டவில்லை. அவனுடைய தாகமே அவன் செலுத்திய ஆராதனை.

இந்நிலையை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். 1658இல் யாழ்ப்பாணம் ஒல்லாந்தர் கைக்குப் போனபின் குருக்கள் துரத்தப்பட்டனர். பூசையும் பாவசங்கீர்த்தனமுமின்றி ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழிந்தன. 1687இல் கோவையிலிருந்து, அதாவது கோவாவிலிருந்து, புனித யோசேவ்வாஸ் அடிகள் மாறுவேடத்தில் வந்திறங்கியபோது, வீடுகளுக்குள் செபத்தைக் காத்து வைத்திருந்த மக்களைக் கண்டார். 1692இல் கண்டிக்கு வந்த அவரை ஒற்றன் என ஐயுற்றுச் சிறையிட்டனர். அக்காலக் குருக்களின் கட்டளைச் செபம் பெரும்பாலும் சங்கீதங்களே அன்றோ! 1711 தை 16ஆம் நாள் கண்டியிலேயே உயிர்நீத்த அவரை, 2015இல் திருச்சபை புனிதராக உயர்த்தியது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆண்டவரிடம் முறையிடுவது பாவமென்று நம் தாய்மார் சிலர் அஞ்சுகின்றனர். சங்கீதங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புலம்பல்கள்தாம். பெரும்பாலானவை அழுகையில் தொடங்கி நம்பிக்கையில் முடியும். 88ஆவதோ இருளிலேயே முடிந்துவிடுகிறது. அதையும் திருச்சபை நீக்கவில்லை. இரவுச் செபத்தில் வைத்திருக்கிறது. பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டில், 'எல்லாம் நன்மைக்கே' என்று அவசரப்பட்டுச் சொல்வதைவிட இதை மெதுவாக வாசிப்பது மேல் என்பேன்.

மடவளை, வத்தேகமைப் பக்கத்தவர்க்கு 121ஆவது நெருக்கமானது. எருசலேமுக்கு ஏறிச் சென்ற யாத்திரிகரின் பாடல் அது. மலைகளை நோக்கிக் கண்ணை உயர்த்தியவன், உதவி எங்கிருந்து வருமெனக் கேட்கிறான். மலையிலிருந்தல்ல, அதைப் படைத்தவரிடமிருந்தே என்பது விடை. விடியுமுன் பிரட்டுக்குப் போகும் தாய்க்கு அதில் எட்டே வசனங்கள். லயத்துப் படியிறங்கும் நேரம் போதும்.

மடவளைப் பள்ளிவாசல் பாங்கு நாளுக்கு ஐந்து முறை நம் காதில் விழுகிறது. தாவீதின் சபூரை அவர்களும் மதிக்கின்றனர். நாளுக்கு ஏழு முறை இறைவனைப் புகழ்வதாக 119ஆம் சங்கீதக்காரர் கூறுகிறார். ஏழு முறை இயலாதவர்கள், இன்றிரவு செபமாலைக்கு முன் 42, 43 இரண்டையும் சேர்த்து, வீட்டில் வாசிக்கத் தெரிந்த சிறு பிள்ளையைக் கொண்டு வாசிப்பிக்கலாம். அந்தத் தேற்றுரை மூன்று இடங்களில் வரும். அவ்விடங்களில் எல்லோரும் சேர்ந்து சொல்லுங்கள்.