பாரம் எதன் மேல் நிற்கிறது?

அன்புள்ள நிலா,

நீ அனுப்பிய ஒலிப்பதிவைக் கேட்டேன். வேகத்தடையில் ஏறி இறங்கும்போது இடப்பக்கம் முன்னால் ‘கடக் கடக்’ என்று வருகிறதே, அது எஞ்சின் சத்தம் இல்லை, சஸ்பென்ஷன் சத்தம். மழைக்காலத்துப் பள்ளங்களில் விழுந்து எழுந்து இத்தனை வருஷம் ஓடிய கார் இப்படிப் பேச ஆரம்பிப்பது இயல்புதான். “நானே வீட்டில் மாற்றலாமா மாமா?” என்று கேட்டிருக்கிறாய். சிலவற்றை மாற்றலாம், சிலவற்றைத் தொடவே கூடாது. இரண்டையும் பிரித்துக் காட்டத்தான் இந்த நீளக் கடிதம்.

ஸ்பேனரைக் கையில் எடுக்கும் முன் ஒரு கேள்வியை மனத்தில் பதிய வை: காரின் பாரம் இந்த நிமிஷம் எதன் மேல் நிற்கிறது? பழுதைக் கண்டுபிடிக்கவும், நட்டு சுலபமாகக் கழலவும், புதுச் சாமான் சீக்கிரம் கெடாமல் இருக்கவும், முக்கியமாக உன் கைகால் பத்திரமாக இருக்கவும் இந்த ஒரு கேள்விதான் உதவும்.

உன் காரில் முன்னால் இருப்பது மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட் அமைப்பு. ஏர்ல் மெக்ஃபெர்சன் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1940களில் உருவாக்கியது. 1950இல் அறிமுகமான ஃபோர்டு கான்சல் காரில் வந்து உலகமெங்கும் பரவியது. 1983இல் வந்த மாருதி 800 தொடங்கி நம் ஊர்ச் சிறு கார்களில் பெரும்பாலானவற்றுக்கு முன்பக்கம் இதுதான். ஷாக் அப்சார்பரும் அதைச் சுற்றிய ஸ்பிரிங்கும் ஒரே தூணாக நிற்கும். தூணின் தலை காரின் உடம்பிலும், கால் சக்கரத்தைத் தாங்கும் நக்கிளிலும் பொருந்தியிருக்கும். கீழே லோயர் ஆர்ம் என்ற இரும்புக் கை, உட்பக்கம் ரப்பர் புஷ்களாலும் வெளிப்பக்கம் பால் ஜாயிண்டாலும் சக்கரத்தை இடம் மாறாமல் பிடித்துக்கொள்ளும். இரண்டு பக்கத்தையும் இணைத்து ஒரு வளைந்த கம்பி குறுக்கே போகும். வளைவில் கார் அதிகம் சாயாமல் காக்கும் அந்தக் கம்பியை ஸ்ட்ரட்டோடு இணைக்கும் சிறு தண்டுதான் லிங்க் ராடு.

சுமார் 1000 கிலோ எடையுள்ள காரில், எஞ்சினும் கியர்பாக்ஸும் முன்னால் இருப்பதால், ஒவ்வொரு முன்சக்கரத்தின் மேலும் ஏறத்தாழ 300 கிலோ நிற்கிறது. அந்த எடை ஸ்பிரிங் வழியாகத் தூணில் இறங்கிச் சக்கரத்துக்குப் போகிறது. லோயர் ஆர்ம் அதைச் சுமப்பதில்லை, சக்கரம் முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் நகராமல் பிடிக்கிறது, அவ்வளவே. இந்த வித்தியாசத்தை மறக்காதே, கீழே பல இடத்தில் உதவும்.

முதலில் காரைத் தூக்குவது. உங்கள் அடுக்ககத்தின் கான்கிரீட் தளம் இதற்குச் சரி. மண் தரையும், வெயிலில் இளகிய தார் ரோடும், சாய்வான இடமும் ஆகாது. ஹேண்ட் பிரேக் போட்டு, பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடு. வீல் நட்டுகளைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே அரைச் சுற்று தளர்த்திவிடு. பிறகு ஜாக்கியில் தூக்கி, காரின் புத்தகம் காட்டும் இடத்தில் ஜாக் ஸ்டாண்டை வைத்து, பாரத்தை அதன் மேல் இறக்கு. ஜாக்கி தூக்குவதற்கு மட்டுந்தான். உன் தலையோ கையோ காருக்கு அடியில் இருக்கும் நேரத்தில் பாரம் ஜாக்கியின் மேல் இருக்கவே கூடாது. செங்கல்லையும் ஹாலோ பிளாக்கையும் அடுக்கி வேலை பார்ப்பவர்களைப் பார்த்திருப்பாய். செங்கல் விரிசல் விட்டு எச்சரிக்காது, ஒரே நொடியில் நொறுங்கும். கழற்றிய சக்கரத்தைக் கதவுக்குக் கீழே, காரின் விளிம்பை ஒட்டிப் படுக்கப் போட்டு வை. எல்லாம் கைவிட்டாலும் அது ஒரு கடைசிக் காப்பு. தூக்கிய பின், ஸ்டாண்டில் நிற்கும் காரைக் கையால் ஒரு முறை நன்றாக ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் அடியில் போக வேண்டும்.

இனிச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். சத்தத்தை மட்டும் கேட்டு “ஷாக் போயிடுச்சு” என்று சொல்லி ஜோடியை மாற்றிவிட்டு, சத்தம் அப்படியே இருக்க வீடு திரும்புபவர்கள் ஏராளம்.

சின்னச் சின்ன மேடுபள்ளத்தில், மெதுவாகப் போகும்போதே ‘கடகட’ என்றால் பெரும்பாலும் லிங்க் ராடு. பிரேக் போடும்போது ஒரு ‘டக்’, ரிவர்ஸ் எடுத்து மறுபடி முன்னே போகும்போது இன்னொரு ‘டக்’ என்றால் லோயர் ஆர்ம் புஷ்ஷைப் பார். நின்ற இடத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது ஸ்பிரிங் ‘டொய்ங்’ என்று குதித்தால் ஸ்ட்ரட்டின் மேல்தலையில் உள்ள பேரிங்கில் கோளாறு. ஷாக்கின் உடம்பில் எண்ணெய் வழிந்து புழுதி அப்பியிருந்தாலோ, பானெட் ஓரத்தை அழுத்தி விட்டதும் கார் இரண்டு மூன்று தடவை ஆடினாலோ ஷாக் தேய்ந்திருக்கிறது.

பால் ஜாயிண்ட்டைச் சோதிக்கும்போது பாரத்தின் கேள்வி மறுபடி வரும். கார் தரையில் நிற்கும்போது எல்லாம் இறுகி உட்கார்ந்திருப்பதால் ஆட்டம் தெரியாது. காரை உடம்பில் தாங்கி, சக்கரத்தைத் தொங்கவிட்டு, டயருக்கு அடியில் நீளக் கம்பி கொடுத்து மெல்ல நெம்பு. லோயர் ஆர்முக்கும் நக்கிளுக்கும் நடுவே துள்ளல் தெரிந்தால் ஜாயிண்ட் தேய்ந்துவிட்டது. ஸ்பிரிங் லோயர் ஆர்மின் மேலேயே உட்கார்ந்திருக்கும் சில ஜீப் வகை வண்டிகளில் இதற்கு நேர்மாறாக, ஆர்முக்கு அடியில் ஜாக்கி கொடுத்துத்தான் சோதிக்க வேண்டும். அங்கே பாரத்தைச் சுமப்பது அந்த ஆர்ம்.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். டயரின் உச்சியையும் அடியையும் பிடித்து ஆட்டும்போது ஆட்டம் தெரிந்தால் அது வீல் பேரிங்காகவும் இருக்கலாம். உன் அப்பாவைக் காரில் உட்காரவைத்துப் பிரேக்கை மிதிக்கச் சொல். ஆட்டம் நின்றுவிட்டால் பேரிங், மிதித்த பிறகும் ஆடினால் ஜாயிண்ட் அல்லது புஷ். டயரை இடமும் வலமும் பிடித்து ஆட்டும்போது மட்டும் ஆட்டம் வந்தால் ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடு எண்டைச் சந்தேகப்படு. பால் ஜாயிண்டிலோ டை ராடு எண்டிலோ ஆட்டம் கண்டால் அந்தக் காரை அன்றைக்கே நிறுத்திவிடு. லிங்க் ராடு சத்தம்தான் போடும், பால் ஜாயிண்ட் கழன்றால் ஓடும் காரில் சக்கரம் மடங்கிவிடும்.

நீ தொடங்க வேண்டியது லிங்க் ராடில். இரண்டே நட்டு. ஒரு பக்கத்தை மட்டும் தூக்கினால் குறுக்குக் கம்பி முறுக்கிக்கொண்டு லிங்கை இழுத்துப் பிடிக்கும், போல்ட்டு துளையை விட்டு வராது. இரண்டு முன்சக்கரங்களையும் ஒரே உயரத்துக்குத் தூக்கித் தொங்கவிடு, முறுக்கு போய்விடும். துருப்பிடித்த நட்டுக்கு முந்தின நாள் இரவே துரு இளக்கும் ஸ்ப்ரே அடித்து வை. நட்டைத் திருப்பும்போது உள்ளேயிருக்கும் குண்டும் சேர்ந்து சுற்றும். எத்தனை சுற்று சுற்றினாலும் நட்டு வெளியே வராது. அதற்காகவே மரையின் நுனியில் அறுகோணக் குழி இருக்கும், அல்லது பின்னால் ஸ்பேனர் பிடிக்கத் தட்டையான இடம் இருக்கும். எல்-கீயால் நுனியை அசையாமல் பிடித்துக்கொண்டு ரிங் ஸ்பேனரால் நட்டைத் திருப்பு. அழுக்கு அடைத்த குழியை ஊசியால் சுத்தம் செய்துவிட்டு எல்-கீயை முழு ஆழத்துக்கு இறக்கு. அரைகுறையாக இறக்கினால் குழி வட்டமாகத் தேய்ந்துவிடும். பிறகு அறுத்துத்தான் எடுக்க வேண்டும்.

லோயர் ஆர்ம் அடுத்த படி. புஷ்ஷை மட்டும் மாற்ற பிரஸ் தேவை. வீட்டில் சுத்தியலால் அடித்து ஏற்றினால் கோணலாக உட்காரும். புஷ்ஷும் பால் ஜாயிண்டும் சேர்ந்த முழு ஆர்மாக வாங்கிக்கொள். பல கார்களில் பால் ஜாயிண்டின் தண்டை நக்கிளில் ஒரு போல்ட்டு குறுக்கே கவ்விப் பிடிக்கும். அதைத் தளர்த்தினால் போதாது, முழுசாக உருவிவிடு. தண்டில் உள்ள பள்ளத்தில் அது உட்கார்ந்திருப்பதால், பாதி உருவிய போல்ட்டோடு எவ்வளவு நெம்பினாலும் ஜாயிண்ட் இறங்காது. ஜாயிண்ட் இறங்கியதும் நக்கிளை வெளிப்பக்கமாக இழுக்காதே. ஆக்சிலின் உள் ஜாயிண்ட் கழன்றுகொள்ளும். பிரேக் ஹோஸிலும் ஏபிஎஸ் ஒயரிலும் எந்த எடையும் தொங்கக்கூடாது. புது ஆர்மை வைக்கும்போது எல்லாப் போல்ட்டையும் முதலில் விரலால் நாலைந்து மரை ஏற்று. ஸ்பேனரோடு ஆரம்பித்தால் கோண மரை விழும்.

பலரும் தவறவிடுவது இதற்கு அடுத்த கட்டத்தை. புஷ்ஷைக் கையில் எடுத்துப் பார். வெளியே ஒரு இரும்பு வளையம், உள்ளே ஒரு இரும்புக் குழல், நடுவே இரண்டோடும் ஒட்டிய ரப்பர். போல்ட்டு இறுகும்போது உள்குழல் காரின் சட்டத்தோடு அசையாமல் பிடித்துக்கொள்ளும். ஆர்ம் மேலும் கீழும் போவது ரப்பர் முறுகுவதால்தான், அங்கே எதுவும் வழுக்கிச் சுழல்வதில்லை. சக்கரம் தொங்கும் நிலையில் போல்ட்டை முழுசாக இறுக்கிவிட்டாய் என்று வை. காரை இறக்கியதும் ஆர்ம் மேலேறும், ரப்பர் பிழிந்த துண்டு மாதிரி முறுகி, நிற்கும்போதுகூட அப்படியே இருக்கும். பள்ளத்தில் விழும்போது இன்னும் முறுகும். புதுப் புஷ் சீக்கிரமே கிழிவதற்கு இதுவே காரணமாகிவிடும். பழியை நாம் ரோட்டின் மேலும் சாமானின் மேலும் போடுவோம்.

இதற்கு வழி எளிது. கழற்றும் முன், கார் தரையில் நிற்கும்போது, சக்கர மையத்திலிருந்து நேர் மேலே ஃபெண்டர் விளிம்பு வரை டேப்பால் அளந்து குறித்துக்கொள். புது ஆர்மைப் பொருத்திப் போல்ட்டுகளைப் பதமாக மட்டும் இறுக்கு. பிறகு ஸ்டாண்டை எடுக்காமல், ஆர்மின் வெளிமுனைக்கு அடியில் ஜாக்கி கொடுத்து அதே அளவு வரும் வரை மெல்ல உயர்த்து. அளவு எட்டும் முன் கார் ஸ்டாண்டை விட்டு எழப் பார்த்தால் அங்கேயே நிறுத்து. இறுக்கும் வேலையை, கார் தன் சக்கரங்களின் மேலேயே நிற்கும் ரேம்ப்பிலோ பட்டறை லிஃப்டிலோ முடித்துக்கொள்ளலாம். அளவு வந்ததும் டார்க் ரெஞ்ச் வைத்துச் சர்வீஸ் மேனுவலில் சொன்ன அளவுக்கு இறுக்கு. பால் ஜாயிண்ட் போல்ட்டை எந்த நிலையிலும் இறுக்கலாம், ரப்பர் புஷ்ஷின் போல்ட்டுகளுக்குத்தான் இந்த விதி. சக்கரத்தைத் திரும்ப மாட்டும்போதும் டார்க் ரெஞ்சே வேண்டும்: சிறு கார்களின் வீல் நட்டுக்குப் பொதுவாக 80 முதல் 110 நியூட்டன் மீட்டர் வரும். உன் காரின் புத்தகம் சொல்வதே கணக்கு.

தொடக் கூடாதது ஸ்ட்ரட்டிலுள்ள ஸ்பிரிங். சக்கரம் தொங்கும்போதும் அது முழுதாக விரிந்திருப்பதில்லை. ஷாக்கின் தண்டும் உச்சி நட்டும் அதை அமுக்கிப் பிடித்திருக்கின்றன. அந்த நட்டைக் கழற்றினால் ஸ்பிரிங் எகிறும், முகத்தில் பட்டால் உயிருக்கே ஆபத்து. மேலே தெரியும் நட்டுகளில் எது தூணைக் காரிலிருந்து விடுவிக்கும், எது ஸ்பிரிங்கை விடுவிக்கும் என்பது மாடலுக்கு மாடல் மாறும். ஆகவே ஷாக் மாற்றும் வேலையைப் பட்டறைக்கு விடு. ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கம்ப்ரஸர் அவர்களிடம் இருக்கும். நீ கேட்டு வாங்க வேண்டியது இரண்டு: ஷாக்கை இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுவது, மேல் மவுண்ட்டும் பேரிங்கும் தேய்ந்திருந்தால் அதே கையோடு மாற்றுவது.

சாமான் வாங்கச் சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக்குப் போ. ஆர்.சி.யில் உள்ள சேஸிஸ் எண்ணைச் சொல்லிக் கேள். ஒரே பெயருள்ள காரில் வருஷத்துக்கு வருஷம் ஆர்ம் மாறியிருக்கும். பழைய கதவோ கண்ணாடியோ தேவையென்றால் புதுப்பேட்டை நல்ல இடம். பால் ஜாயிண்ட், புஷ் போன்றவற்றைப் பழசில் வாங்காதே. எத்தனை தூரம் ஓடிக் கழித்த ஜாயிண்ட் அது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. பிளாஸ்டிக் வளையம் உள்ள லாக் நட்டுகளை மறுபடி போடாமல் புதுசு வாங்கு. வாட்டர் சர்வீஸ் முடிந்ததும் சிலர் அடிப்பக்கம் டீசலோ பழைய எண்ணெயோ அடித்து விடுவார்கள். வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடு. எண்ணெய் பட்டால் ரப்பர் ஊறி உப்பிக் கெடும்.

லோயர் ஆர்ம் மாற்றிய பிறகு வீல் அலைன்மென்ட் கட்டாயம். ஸ்டியரிங் நேராகத்தானே இருக்கிறது என்று விட்டுவிட்டால் டயரின் ஓரம் சத்தமில்லாமல் தேயும். சுமார் 100 கிலோமீட்டர் ஓடியதும் வீல் நட்டுகளை ஒரு முறை சரிபார்.

வரும் ஞாயிற்றுக்கிழமை இரண்டு பக்க லிங்க் ராடை மட்டும் மாற்று. உன் ஒலிப்பதிவில் கேட்டது சிறு மேட்டிலேயே வரும் வறண்ட சத்தம், என் சந்தேகம் அங்கேதான். மாற்றியதும் அதே தெருவில், அதே வேகத்தில் ஓட்டிப் பார். சத்தம் போய்விட்டு, பால் ஜாயிண்ட்டிலும் ஆட்டம் இல்லையென்றால் மற்ற எதையும் தொடாதே. நன்றாக இருக்கும் நட்டைக் கழற்றிப் பார்ப்பது பராமரிப்பு ஆகாது. சத்தம் போகவில்லையென்றால், ஆர்மைக் கழற்றும் முன் புஷ்ஷைப் படம் எடுத்து அனுப்பு. அடுத்ததைப் பேசிவிட்டுச் செய்வோம்.

அன்புடன்,
மாமா