பந்தயத்தில் பிறக்காத மதம்

விஞ்ஞானக் கதைகளைப் பற்றிப் பேச்சு எழுகிற எந்தச் சபையிலும் யாராவது ஒருவர், பரம ரகசியம் ஒன்றை வெளியிடுபவர்போலக் குரலைத் தாழ்த்திக்கொண்டு, அந்தப் பந்தயக் கதையைச் சொல்லாமல் விடுவதில்லை. அமெரிக்காவில் ராபர்ட் ஹைன்லைன், எல். ரான் ஹப்பர்ட் என்ற இரு கதாசிரியர்கள் மதுக்கடை ஒன்றில் அமர்ந்து, தங்களில் யார் முதலில் ஒரு மதத்தை ஸ்தாபிப்பது என்று பந்தயம் கட்டினார்களாம். ஹப்பர்ட் சைன்டாலஜி என்ற மதத்தைத் தோற்றுவித்து வென்றாராம். ஹைன்லைன் ‘ஸ்ட்ரேஞ்சர் இன் எ ஸ்ட்ரேஞ்ச் லேண்ட்’ என்ற நாவலை எழுதியதோடு நின்றுவிட்டாராம். இதைச் சொல்பவர்கள் சர்வகலாசாலைப் பட்டம் பெற்றவர்கள். ஆயினும் இரண்டு தேதிகளை அருகருகே வைத்துப் பார்க்கும் சிறு சிரமத்தைக்கூட மேற்கொள்ளாதவர்கள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

பழைய பத்திரிகைகளைப் புரட்டித் தேதி பார்ப்பதையே தொழிலாகக் கொண்டவன் நான். ஆகவே தேதிகளிலிருந்தே தொடங்குகிறேன். ஹப்பர்டின் ‘டயனெடிக்ஸ்’, 1950 மே மாத ‘அஸ்டவுண்டிங் சயன்ஸ் ஃபிக்ஷன்’ இதழில், கதைகளுக்கு நடுவே ஒரு கட்டுரையாக வெளிவந்தது. அதே மாதத்தில் அதைப் பற்றிய நூலும் வந்தது. அங்கே கடவுள் இல்லை, ஆராதனை இல்லை. மனம் பிழையற்றுக் கணக்கிடும் யந்திரம் என்றும், அதில் படிந்த பழைய வேதனைகளைத் துடைத்துவிட்டால் அது செம்மையாக இயங்கும் என்றும் கூறும் ஒரு சிகிச்சை முறைதான் இருந்தது. இதழாசிரியர் ஜான் காம்ப்பெல், தமது நாட்பட்ட சைனஸ் உபாதை அம்முறையால் தணிந்ததென்று மனமார நம்பி, நியூ ஜெர்ஸியின் எலிஸபெத் நகரில் ஏற்பட்ட ஸ்தாபனத்துக்குப் பொருளாளராகவும் அமர்ந்தார். மதம் தொடங்கப் பந்தயம் கட்டிய மனிதன், கையில் ஒரு பத்திரிகையும் பல்லாயிரம் வாசகர்களும் வாய்த்திருக்கும்போது, தன் சரக்கை மதம் என்று சொல்லாமல் விஞ்ஞானம் என்றா அறிவிப்பான்?

மதம் பின்னால் வந்தது. வந்த வழியும் தெளிவாகவே இருக்கிறது. அனுமதியின்றி வைத்தியம் கற்பிப்பதாக நியூ ஜெர்ஸியின் மருத்துவப் பரீட்சை வாரியம் 1951-இல் வழக்குத் தொடுத்தது. விசிட்டா நகருக்குப் பெயர்ந்த ஸ்தாபனம் 1952-இல் திவாலாகி, ‘டயனெடிக்ஸ்’ என்ற பெயரின் உரிமையே ஹப்பர்டின் கையைவிட்டுப் போயிற்று. அதன் பிறகே சைன்டாலஜி என்ற புதுப் பெயரும், 1953 டிசம்பரில் காம்டன் நகரில் ‘சர்ச்’ என்ற பதிவும் ஏற்பட்டன. கடனும், வழக்கும், பெயரை இழந்த நெருக்கடியும் கூடிச் செய்த காரியத்துக்கு ஒரு மதுக்கடைப் பேச்சைக் காரணமாகக் காட்டுவது சரித்திரத்துக்குச் செய்யும் அநீதி.

ஹைன்லைனின் பக்கமும் அப்படியே. கிப்ளிங்கின் மௌக்ளியை ஓநாய்கள் வளர்த்ததுபோல, ஒரு மனிதக் குழந்தையைச் செவ்வாய்வாசிகள் வளர்த்தால் என்னவாகும் என்ற யோசனையை 1948-இல் அவருக்குக் கொடுத்தவர் அவருடைய மனைவி வர்ஜீனியா. நாவல் வெளிவந்தது 1961-இல். அதற்குள் சைன்டாலஜிக்கு எட்டு வயது. மேலும், கதையைச் சொல்லும் ஒவ்வொருவரும் பந்தயத்தில் அமர்ந்தவர்களை மாற்றுகிறார்கள். சிலர் ஐஸக் அஸிமோவையும் கொண்டுவந்து உட்கார வைக்கிறார்கள். பந்தயம் நடந்ததாகச் சொல்லப்படும் காலத்தில் எழுதப்பட்ட ஒரு கடிதமோ குறிப்போ காட்டுபவர் எவரும் இல்லை. மதம் தொடங்கினால்தான் பெரும்பணம் சம்பாதிக்கலாம் என்று ஹப்பர்ட் கூறக் கேட்டதாக அவருடைய பழைய நண்பர்கள் சிலர் பிற்காலத்தில் சாட்சி சொன்னதும், அவருடைய சபையார் அதை மறுப்பதும் உண்மையே. ஆனால் அது ஒரு மனிதரின் வாய்ச்சொல், பந்தயம் ஆகாது. ஜார்ஜ் ஆர்வெல்கூட 1938-இல் நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில் அதே அபிப்பிராயத்தை வெளியிட்டிருக்கிறார். அவரை யாரும் மத ஸ்தாபகர் என்று சொல்வதில்லை.

இந்த வதந்தி செய்யும் பெரிய கேடு, வாசகர்களை மறைத்துவிடுவது. ஹைன்லைனின் அந்த நாவலைப் படித்த டிம் ஸெல், லான்ஸ் கிறிஸ்டி என்ற இரு கல்லூரி மாணவர்கள், 1962-இல் மிஸௌரி மாகாணத்தில், கதையில் வருகிறபடியே நீரைப் பகிர்ந்து அருந்தித் தங்களுக்குள் சகோதரத்துவம் பூண்டார்கள். அதிலிருந்து வளர்ந்த ‘சர்ச் ஆஃப் ஆல் வேர்ல்ட்ஸ்’ 1968-இல் முறைப்படி பதிவாயிற்று. அதன் கிளைகளுக்குக் ‘கூடுகள்’ என்ற பெயரும் நாவலிலிருந்தே வந்தது. ஹைன்லைன் எந்த மதத்தையும் ஸ்தாபிக்கவில்லை. அவருடைய வாசகர்கள் ஸ்தாபித்தார்கள். விஞ்ஞானக் கதை மதத்துக்குள் புகுந்த வழியை அறிய விரும்புகிறவர்கள், எழுதியவனின் சூழ்ச்சியைத் தேடுவதை விட்டுப் படித்தவனின் தாகத்தை ஆராய வேண்டும்.

மற்ற நம்பிக்கைகளுக்கு இத்தனை இடம் தேவையில்லை. 1997 மார்ச்சில் கலிபோர்னியாவில் 39 பேர் உயிர் துறந்த ‘ஹெவன்ஸ் கேட்’ கூட்டத்தை ‘ஸ்டார் டிரெக்’ தொடர் கெடுத்தது என்பார்கள். அவர்கள் அணிந்திருந்த சின்னத்தின் சொற்கள் அத்தொடரை ஒட்டியவைதாம், ஆனால் கொள்கையின் வேர், விவிலியத்தின் வெளிப்படுத்தின விசேஷத்தில் 11-ஆம் அதிகாரம் கூறும் இரு சாட்சிகளில் இருந்தது. 2001-ஆம் ஆண்டின் ஜனத்தொகைக் கணக்கில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 3,90,000-க்கு மேற்பட்டோர் தம் மதம், ‘ஸ்டார் வார்ஸ்’ படங்களில் வரும் ‘ஜெடாய்’ என்று எழுதியது, பெரும்பாலும் மின்னஞ்சலில் பரவிய ஒரு தூண்டுதலின் விளைவு. அத்தனை பேரும் விசுவாசிகள் என்று கொள்ள முடியாது.

சுக்கிர கிரகத்திலிருந்து வந்த பெரியோர்கள் என்ற நம்பிக்கை பறக்கும் தட்டுகளைப் பற்றிய பேச்சோடு பிறந்தது என்பதும் தவறு; கதையும் நம்பிக்கையும் அதற்கு வெகு முன்பே கலந்துவிட்டன. பூமிக்கடியில் வாழும் ஜாதியாரையும் அவர்களுடைய ‘வ்ரில்’ சக்தியையும் பற்றி லிட்டன் என்ற ஆங்கில நாவலாசிரியர் 1871-இல் எழுதிய கற்பனை நவீனத்திலிருந்து அச்சக்தியைப் பிளாவாட்ஸ்கி அம்மையார் மெய்யாகவே எடுத்தாண்டார். 1882-இல் சென்னை அடையாற்றில் தலைமையகம் கொண்ட அவருடைய பிரம்மஞான சங்கம், சுக்கிரனிலிருந்து வந்த ஆதி குருமார்களைப் பற்றி உபதேசித்துக்கொண்டிருந்தது. 1952-இல் கலிபோர்னியப் பாலைவனத்தில் சுக்கிரவாசியைக் கண்டதாகச் சொன்ன ஜார்ஜ் ஆடம்ஸ்கி, அதற்கு முன்பே, 1930-களில், திபெத்திய ஞானம் போதிக்கும் சபை ஒன்றை நடத்தியவர்.

இவற்றையெல்லாம் சரிபார்க்க வேண்டுமானால் மூலப் பத்திரிகைகள் இருக்க வேண்டும். அவை மலிவான மரக்கூழ்க் காகிதத்தில் அச்சானவை, பழுத்து உதிர்கின்றன. புத்தகசாலைகளில் அவற்றைக் கட்டடம் செய்யும்போது அட்டையையும் விளம்பரத் தாள்களையும் கிழித்தெறிவது வழக்கமாக இருந்தது. மறைஞானத்தைத் தபால்மூலம் போதிப்பதாக ரோஸிக்ரூஷியன் சபையார் அந்நாளில் விளம்பரம் செய்தது இத்தகைய மலிவுப் பத்திரிகைகளில்தான். கதையைப் படித்த கண்ணே அந்த விளம்பரத்தையும் படித்தது. பைண்டு செய்யக் கொடுக்கும் அதிகாரிகள் தயவுசெய்து முன்னட்டை முதல் பின்னட்டை வரை ஒரு தாளும் விடாமல் சேர்த்துத் தைக்கச் சொல்ல வேண்டும்.